விடுதலைப் பத்திரத்தில் இருக்கும் அத்தைமார்

அம்பத்தூரில் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்து பல வருடமாக வம்சாவளி தேடி வருகிறேன். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் ஃபேமிலிசர்ச் தளத்தைத் திறந்து தாத்தா பெயரைத் தட்டுவார்கள். இலவசம், நல்ல தளம். ஹரித்வார் பண்டாக்களின் ஏடுகள்கூட அதில் உண்டு. ஆனால் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் நம்மூர் முனுசாமி என்ன போடுவார்?

எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் ஒரு பழைய கர்ணம். 1980-இல் அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டபோது வீட்டுக்கு வந்தவர். பத்திரத்தைக் கையில் கொடுத்தால் பெயரைப் பார்க்க மாட்டார். கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் சொத்து விவரத்தை விரல் வைத்துப் படிப்பார். சர்வே எண், நான்கெல்லை. "ஆளத் தேடாதப்பா, நெலத்தத் தேடு. பங்காளிங்க எல்லாம் வரப்புலதான் நிப்பானுங்க" என்பார். பக்கத்து வரப்புக்காரர் பெயரை வைத்தே சித்தப்பா, பெரியப்பா வகையைப் பிரித்துக் காட்டிவிடுவார்.

ஊர் நகராது, அலுவலகம் நகரும். அம்பத்தூர் ஒன்றுக்கே செங்கல்பட்டு, செங்கை எம்.ஜி.ஆர்., 1997 முதல் திருவள்ளூர், 2018 முதல் சென்னை என்று மாவட்டப் பெயர் மாறியிருக்கிறது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது ஊரே 2002, 2005 பட்டியல்களைத் தேடியது. அம்பத்தூர் என்று தேடிக் கிடைக்காமல் தவித்தவர்கள் பலர். அப்போது அந்தப் பெயரில் தொகுதியே கிடையாது. வில்லிவாக்கத்தில் தேட வேண்டும். கிடைத்ததும் ஒரு வரியோடு மூடிவிடாதீர்கள். அதே வீட்டு எண்ணில் உள்ள எல்லாரையும், தந்தை அல்லது கணவர் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். வயதை மட்டும் நம்பாதீர்கள். 45, 50, 60 என்று முழுசாக நிற்பதெல்லாம் குத்துமதிப்பு.

பட்டியலில் பெண்ணுக்குக் கல்யாணமானதும் அப்பா பெயர் போய்விடும். அவளைப் பிறந்த வீட்டோடு சேர்த்துக் காட்டுவது விடுதலைப் பத்திரம். அப்படி ஒரு பத்திரம் இருக்கிறதா என்று பதிவுத்துறை தளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். பெரும்பாலும் 1975 வரை பின்னோக்கிப் போகலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் போதும். உட்பிரிவு எண்ணில் எதுவும் வராவிட்டால் தாய் எண்ணைப் போடுங்கள். 'எழுதிக்கொடுத்தவர்' பகுதியில் நான்கைந்து பெண்கள் வரிசையாக வந்தால் நிதானித்துப் படியுங்கள். அண்ணன் தம்பிக்குப் பங்கை விட்டுக்கொடுத்த அத்தைமார் அவர்கள். மூலப் பத்திரத்தின் நகல் கிடைத்தால் ஒவ்வொருத்தியின் கணவர் பெயரும் ஊரும் அதில் இருக்கும். 'சின்னப்பையன் என்கிற முனுசாமி' என்பதில் அந்த 'என்கிற'வைத் தவறவிட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்.

நிலமே இல்லாதவர்களுக்கு? ஆவடி டாங்க் ஃபேக்டரி 1961-இல் தொடங்கியபின் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் ஏராளம். அவர்களிடம் நான் முதலில் கேட்பது குலதெய்வக் கோயில் எங்கே என்றுதான். பொங்கல் வைக்கப் போகும் கிராமத்தில் பெரும்பாலும் பங்காளி வீடு ஒன்றாவது இருக்கும். மீதியை அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

கணினியை நாளைக்குத் திறக்கலாம். இன்றைக்கு ஆயாவிடம் அவருடைய அம்மா பெயரையும், அந்த அம்மா பிறந்த ஊரையும் கேட்டு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த இரண்டும் எந்தத் தளத்திலும் ஏறவில்லை.