பூவில் விலை பேசப்படும் தோப்பு

திருப்பதி



சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும் சுமார் 70 கிலோமீட்டர் வழியில் கண்ணில் அதிகம் படுவது மாந்தோப்பு. தமிழர் கிளிமூக்கு என்றும் ஆந்திரர் தோத்தாபுரி என்றும் அழைக்கும் மாம்பழமே இவ்வட்டாரத்தின் முதன்மை விளைச்சல். சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகள் அதை நம்பியே இயங்குகின்றன. இத்தோப்புகளில் பல, மரம் பூத்து நிற்கும் பருவத்திலேயே வியாபாரியின் குத்தகைக்குப் போய்விடுகின்றன. தமிழில் குத்தகை, தெலுங்கில் குத்த என்று ஒரே வேரின் சாயலில் வழங்கும் இச்சொல், நிலத்தை வாங்குவதைக் குறிப்பதன்று; ஒரு பருவத்தின் பலனை மட்டும் வாங்குவதையே குறிக்கிறது. காற்றில் பூ உதிர்ந்தாலும், தத்துப்பூச்சி விழுந்தாலும், ஆலை வாசலில் விலை சரிந்தாலும் அந்த இழப்பு குத்தகைக்காரருடையது. கடைசி வண்டி தோப்பை விட்டு வெளியேறியதும் அவருக்கும் மரத்துக்கும் உள்ள உறவு முடிந்துவிடுவதால், அடுத்த ஆண்டுக்கான எருவையும் கவாத்தையும் பற்றி அவர் கவலைப்படுவதற்கு எக்காரணமும் இல்லை.

விளையாட்டு வாணிகத்தில் மிகவும் சிக்கலான ஒரு கேள்வியைப் புரிந்துகொள்ள இந்தத் தோப்புக் கணக்கைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது அரிது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் உள்ள ஒரு நட்சத்திர ஹாக்கி வீரரை, எதிர்காலச் சொத்துகளைக் கொடுத்து வாங்கலாமா என்பதே அக்கேள்வி. ஹாக்கிக்கும் இவ்வட்டாரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். அதற்கான விடை திருப்பதிக்கு மேற்கே, பாக்கராப்பேட்டைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறது. அதைப் பின்னர் காணலாம், முதலில் கணக்கு.

இந்தக் கணக்கு மிகக் கூர்மையாகத் தெரிவது வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் எனப்படும் பனி ஹாக்கிப் போட்டியில்தான். அங்கே அணிகள் வீரர்களைத் தமக்குள் மாற்றிக்கொள்ளும்போது, பணத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் இளம் வீரர்களையும் ‘தேர்வு உரிமை’யையும் கொடுக்கின்றன. வரும் ஆண்டுகளில் லீக்கினுள் நுழையும் புதிய இளைஞர்களிடமிருந்து முறைவைத்து ஒருவரைத் தெரிந்தெடுக்கும் உரிமையே தேர்வு உரிமை. அது ஓர் அணியின் விதைநெல். உரிய வயதையோ பணிக்காலத்தையோ எட்டிய வீரரின் ஒப்பந்தம் சூலை 1 அன்று முடிந்துவிட்டால், அவர் எந்த அணியுடனும் பேசலாம். அவரைக் கட்டுப்படுத்தும் உரிமை பழைய அணிக்கு இல்லை.

2019 பிப்ரவரியில் கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் அணி எடுத்த முடிவு இவ்வகையில் பாடமாகக் கொள்ளத்தக்கது. அவ்வணியின் ஆர்ட்டெமி பனாரின், இலக்குக் காவலர் செர்கெய் போப்ரோவ்ஸ்கி ஆகிய இருவரின் ஒப்பந்தங்களும் அந்தக் கோடையில் முடியவிருந்தன. அவர்களை விற்று எதையேனும் திரும்பப் பெறுவதற்குப் பதிலாக, அணி அவர்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டதோடு, அதே நிலையிலிருந்த மாட் டுஷேனையும் ஒட்டாவா அணியிடமிருந்து இரண்டு இளம் வீரர்களையும் ஒரு முதற்சுற்றுத் தேர்வு உரிமையையும் கொடுத்து வாங்கியது. அந்தப் பேரத்தில் ஒரு நுட்பமான நிபந்தனையும் இருந்தது: டுஷேன் கொலம்பஸிலேயே புதிய ஒப்பந்தம் செய்துகொண்டால் மட்டும் இன்னொரு முதற்சுற்று உரிமை ஒட்டாவாவுக்குச் சேரும். வாங்குபவருடைய அச்சத்தையே விலையின் ஒரு பகுதியாக மாற்றிய ஏற்பாடு அது. குத்தகைத் தொகையில் பாதியைப் பூவிலும் மீதியைக் காயிலும் கொடுக்க ஒப்புக்கொள்ளும் வியாபாரிக்கு இதன் பொருள் உடனே விளங்கும்.

பலன் கிடைக்காமல் போகவில்லை. அந்தப் பருவத்தில் 62 ஆட்டங்களை வென்று 128 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றிருந்த டாம்பா பே அணியை, கோப்பைக்கான வெளியேற்றுத் தொடர்களின் முதற்சுற்றில் ஓர் ஆட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் கொலம்பஸ் வீழ்த்தியது. அடுத்த சுற்றில் பாஸ்டனிடம் தோற்றது. சூலை 1 வந்தது. பனாரின் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கும், போப்ரோவ்ஸ்கி புளோரிடாவுக்கும், டுஷேன் நாஷ்வில்லுக்கும் ஒரே நாளில் போனார்கள், மூவரும் ஏழாண்டு ஒப்பந்தங்களுடன்.

இதற்கு நேர்மாறான வழியைக் கரோலினா அணி 2025இல் கையாண்டது. சனவரி 24 அன்று மிக்கோ ரன்டனெனைக் கொலராடோவிடமிருந்து வாங்கிய அவ்வணி, அவர் நீண்ட ஒப்பந்தத்துக்கு இசையவில்லை என்பதை உணர்ந்து, மார்ச் 7 அன்று, அதாவது 42 நாள்களில், அவரை டல்லாஸுக்குக் கைமாற்றியது. டல்லாஸோ அவரை வாங்கிய கையோடு எட்டு ஆண்டுகளுக்கு 9.6 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. மே மாதம் கொலராடோவுக்கு எதிரான வெளியேற்றுத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அவரே மூன்று இலக்குகள் அடித்துத் தம் பழைய அணியை வெளியேற்றினார். இம்மூன்று அணிகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகிறது. அபாயம் வீரரின் நன்றியின்மையில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. தம் உழைப்புக்குச் சந்தையில் விலை கேட்கும் உரிமை வாழ்வில் ஒருமுறையோ இருமுறையோ மட்டும் வாய்க்கும் ஒருவர் அதைப் பயன்படுத்துவதைத் துரோகம் என்று தூற்றுவது, கண்டிப்பாகச் சொன்னால், நியாயமற்ற பேச்சு.

இந்தியாவின் களத்து ஹாக்கியில் கணக்கு வேறு. இங்கே தேர்வு உரிமைகள் இல்லை, ஏலமே வாயில். 2012 டிசம்பரில் நடந்த முதல் ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் சர்தார் சிங்கை டெல்லி 78,000 டாலருக்கும், செருமானிய வீரர் மோரிட்ஸ் ஃபியூர்ஸ்டேவை ராஞ்சி ரைனோஸ் 75,500 டாலருக்கும் எடுத்தன. ஃபியூர்ஸ்டேயின் தலைமையில் ராஞ்சி 2013இல் முதல் கோப்பையை வென்றது. ஆனால் அடுத்த ஆண்டோடு அந்த அணியே லீக்கிலிருந்து விலகிவிட்டது. பின்னர் 2015இல் கலிங்கா லான்சர்ஸ் அதே வீரரை 1,05,000 டாலருக்கு எடுத்து 2017இல் வாகை சூடியது. அதற்குப்பின் லீக்கே நின்றுபோய், 2024 டிசம்பர் 28 அன்றுதான் ரூர்கேலாவில் மீண்டும் தொடங்கியது. வட அமெரிக்காவில் வீரரின் ஒப்பந்தம் முடிகிறது, தோப்பு நிற்கிறது. இந்தியாவிலோ ஒப்பந்தம் முடியும் முன்பே தோப்பு வெட்டுப்பட்டுவிடக்கூடும் என்ற நிலை இருந்திருக்கிறது.

புதுப்பிக்கப்பட்ட லீக்கிலும் அந்த நிழல் முற்றாக விலகவில்லை. 2024 அக்டோபரில் நடந்த ஏலத்தில் ஆடவர் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய் வரம்பு இருந்தது. ஹர்மன்பிரீத் சிங்கைச் சூர்மா அணி 78 லட்சத்துக்கு எடுத்தபோது, 24 பேர் கொண்ட குழுவுக்கான பணத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒருவருக்கே போயிற்று. ஹர்திக் சிங்கை 70 லட்சத்துக்கு எடுத்த உ.பி. ருத்ராஸ் அணி, ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. ஆகவே இங்கே நட்சத்திரத்தை வாங்கும் அணியின் அபாயத்தைவிட, வாங்கப்படும் வீரரின் அபாயமே பெரிது என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இங்கேதான் பாக்கராப்பேட்டைக்கு அப்பாலுள்ள சிற்றூர் நினைவுக்கு வருகிறது. ஆந்திரத்தின் மிக உயர்ந்த அருவியாகிய தலக்கோனா விழும் எர்ராவாரிபாளையம் மண்டலத்தில், எனுமலவாரிபள்ளி என்ற ஊரில், 1990இல் பிறந்தவர் எட்டிமர்ப்பு ரஜனி. இந்தியப் பெண்கள் அணியின் இலக்குக் காவலராக ஆடியவர். அப்போது சித்தூர் மாவட்டத்திலிருந்த அம்மண்டலம் 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் இன்று சேர்ந்துள்ளது. இலக்குக் காவலர் பதவியின் இயல்பு தனித்தது: ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். சவிதா என்ற பெரும் காவலர் பல ஆண்டுகள் அந்த இடத்தில் நின்றபோது, ரஜனி அவருக்கு அடுத்தவராக 2017 ஆசியக் கோப்பை வெற்றியிலும், 2018 ஆசிய விளையாட்டின் வெள்ளியிலும், 2022 காமன்வெல்த் வெண்கலத்திலும் குழுவில் இருந்தார். காத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட இத்தகைய ஒருவருக்கு ஏலச் சந்தையில் விலை நிர்ணயிப்பது எளிதன்று; ஆனால் அவரில்லாமல் எந்த அணியும் முழுமையன்று.

அவரைத் தாங்கியது ரயில்வே. இந்திய ஹாக்கியில், சிறப்பாகப் பெண்கள் ஹாக்கியில், ரயில்வே போன்ற நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் தரும் நிலையான வேலையே உண்மையான ஒப்பந்தம். ஏலத் தொகை வந்தால் அதன்மேல் சேரும் உபரி. இந்த ஏற்பாட்டில் பளபளப்பு இல்லை. ஆயினும் முழங்கால் பழுதானாலும், லீக் நின்றாலும், தேர்வுக் குழுவின் எண்ணம் மாறினாலும் மாதச் சம்பளம் வருகிறது என்ற உறுதியே ஒரு சிற்றூர்ப் பெண்ணை முப்பது வயதைத் தாண்டியும் களத்தில் நிறுத்தியிருக்கிறது என்று கருத இடமுண்டு. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஆந்திர அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாயும், குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும், இதே திருப்பதியில் 1,000 சதுர கஜ மனையும் அறிவித்தது. 2024 சனவரியில் மஸ்கட்டில் நடந்த ஐவர் ஹாக்கி உலகக் கோப்பையில், அதாவது சிறிய களத்தில் அணிக்கு ஐந்து பேராக ஆடும் விரைவு வடிவத்தில், இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி வெள்ளியுடன் திரும்பியபோது அவருக்கு வயது 33.

திருப்பதியில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பாக்கராப்பேட்டைக்கான பேருந்து மதியத்துக்கு முன் புறப்படும். அருவியையும் அந்த ஊரையும் பற்றி அடுத்த கடிதம் பேசும்.