மடலேறாத பெண்களும் ஒரு மட்டக்குதிரையும்

காதல் கைகூடாத ஆண்மகன் ஏறுவதற்கென்றே தமிழ் அகமரபு ஒரு குதிரையைப் படைத்து வைத்திருக்கிறது. பனைமட்டையால் செய்த அக்குதிரையின்மேல் எருக்க மாலை சூடி அமர்ந்து, ஊரார் காணத் தெருவில் வருவான். மடலேறுதல் என்று அதற்குப் பெயர். பெண்ணுக்கு அந்த மட்டைக் குதிரையும் மறுக்கப்பட்டிருக்கிறது. தொல்காப்பியம் அதை விலக்கிச் சொல்கிறது. கடல்போலக் காமம் பெருகினாலும் மடலேறாதிருப்பதே பெண்ணின் பெருமை என்பது குறளின் கருத்து. நாணுத்துறவுரைத்தல் அதிகாரத்தில் அதைச் சொல்பவன் ஏற்கெனவே மடலேறத் துணிந்துவிட்ட ஆண் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பல நூற்றாண்டுகள் கழித்துத் திருமங்கையாழ்வார் நாயகி பாவத்தில் நின்று, அந்தத் தென்னாட்டு வழக்கம் எனக்கு வேண்டாம், நான் மடலேறுவேன் என்று பெரிய திருமடலில் பாடினார். பெண் குரலில் பாடிய அவரோ, ஆடல்மா என்ற குதிரையில் ஏறித் திரிந்த குறுநில மன்னர்.

பெண்கள், குறிப்பாகச் சிறுமிகள், ஏன் குதிரைகளை இவ்வளவு நேசிக்கிறார்கள் என்ற கேள்வியைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்த விலக்குதான். மேலை நாடுகளில் இக்கேள்வி நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. உளப்பகுப்பாய்வு வழி வந்தவர்கள் பாலுணர்வில் விடை தேடினார்கள். வேறு சிலர் இது தாய்மைக்கான ஒத்திகை என்றார்கள். இரண்டு விடைகளும் எங்களுக்கு நிறைவளிக்கவில்லை. ஒன்று பெண்ணின் ஆசையை ஓர் ஆணிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, மற்றொன்று ஒரு குழந்தையிடம். நடுவில் குதிரை காணாமல் போய்விடுகிறது.

நாங்கள் வசிக்கும் மாத்தூரில் குதிரை கிடையாது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட இந்த ஊருக்கு ஒரு பக்கம் மணலியின் சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கிகள், மறுபக்கம் மாதவரம் பால்பண்ணை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் பெருஞ்சாலைகளை அடைத்துக்கொண்டு நிற்கும். எம்.எம்.டி.ஏ. குடியிருப்பின் உள்தெருக்களில் மாடுகள் உண்டு, ஆடுகள் உண்டு. அப்படியிருந்தும் பதினொரு வயதாகும் எங்கள் மகளின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கங்கள் முழுக்கக் குதிரைகள். அவளுடைய தோழிகள் இருவரின் நோட்டுகளிலும் அப்படியே. அதே வகுப்புப் பையன்கள் கார்களையும் துப்பாக்கிகளையும் வரைகிறார்கள்.

இவர்கள் குதிரையை எங்கே கண்டார்கள்? தொலைக்காட்சியில், சினிமாவில், பிறகு அம்மன் கோயில் திருவிழாவின் பொய்க்கால் குதிரையில். சென்ற ஆடியில் ராஜாவும் ராணியும் ஆடிப் போனபின் மகள் ஒன்று சொன்னாள்: "அந்த ராணி ஏறல. அவங்கதான் குதிரை." யோசித்துப் பார்த்தால் கூட்டின் கீழே ஆடுபவை அவளுடைய கால்கள்தாம். ராஜாவுக்கும் அதே கதிதான் என்றாலும், ராணியைக் குறித்து மட்டும் அவளுக்கு அது உறுத்தியிருக்கிறது. நம் கோயில் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் பஞ்சநாரி துரகம் என்றொரு வகை உண்டு. ஐந்து பெண்கள் உடல்களைப் பின்னிக்கொண்டு ஒரு குதிரை வடிவாகி, மேலே ஒருவரைத் தாங்கி நிற்பார்கள். அழகான கற்பனைதான். ஆனால் சுமப்பது யார், செல்வது யார் என்று ஒரு சிறுமி கேட்டால் சிற்பியிடம் விடை இராது.

வரலாற்றைப் பார்த்தாலும் குதிரை நம்மிடம் ஆண்களின் உடைமையாகவே வந்து இறங்கியிருக்கிறது. தமிழகத்துக்குக் குதிரை கடல்வழிச் சரக்கு. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்திலேயே அது கப்பலில் வந்துவிட்டது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் கதையும், நரி பரியான கதையும் நாம் அறிந்தவை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை விலைகொடுத்து வாங்கியதையும், பேணத் தெரியாததால் அவை மடிந்துபோனதையும் எழுதியிருக்கிறார். 1834ஐ ஒட்டி வரையப்பட்ட ஒரு சித்திரம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரைகள் நம் சென்னைக் கரையில், கட்டுமரங்களுக்கும் மசூலாப் படகுகளுக்கும் நடுவே இறக்கப்படுவதைக் காட்டுகிறது. இறங்கியவை போர்ப்படைக்கும் அதிகாரிகளின் வண்டிகளுக்கும் போயின.

இலக்கியமும் இதையே பிரதிபலித்தது. பொன்னியின் செல்வன் வந்தியத்தேவனின் குதிரையோடு தொடங்குகிறது. நந்தினிக்கு மூடுபல்லக்கு, பூங்குழலிக்கு ஓடம். விதிவிலக்குகள் இல்லாமலில்லை. குதிரையேற்றமும் வளரியும் வில்லும் பயின்ற வேலுநாச்சியார், 1772இல் காளையார்கோயில் போரில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின்னர், 1780இல் ஹைதர் அலியின் படையுதவியோடு சிவகங்கையை மீட்டார். லலிதா சஹஸ்ரநாமத்தில் கோடிக்கணக்கான குதிரைகள் சூழ வரும் அசுவாரூடை என்ற தேவி உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அந்த நாமத்தை உச்சரித்துக் கடந்துபோகும் பெண்கள் எத்தனையோ பேர். ராணியாகவோ தேவியாகவோ இருந்தால் ஏறலாம் போலும். மற்றவர்களுக்கு?

மற்றவர்களுக்கு மெரினா இருக்கிறது. பாரிமுனையில் பேருந்து மாறி மகளை ஒருமுறை அழைத்துப் போனோம். மணலில் கால் புதைய நின்றிருந்த ஒரு செம்மட்டக்குதிரை. குதிரைக்காரர் அவளைத் தூக்கி உட்காரவைத்து, "கெட்டியாப் புடிச்சுக்க பாப்பா" என்று சொல்லிக் கயிற்றைப் பிடித்து நடந்தார். போகும்போது அவள் முகத்தில் அச்சமும் பெருமையும் மாறிமாறி வந்தன. திரும்பும் இடத்தில் குனிந்து அவரிடம் என்னவோ கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்துவிட்டார். என்ன கேட்டாய் என்றோம். "கயித்த என் கைல குடுங்கண்ணான்னு கேட்டேன். குடுக்க மாட்டேன்னுட்டாரு."

குதிரைக்காரர் செய்தது சரி. பழகாத கையில் கயிற்றைத் தருவது ஆபத்து. ஆயினும் எங்கள் கேள்விக்கான விடையின் பாதியை அவள் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டாள். சவாரியின் இன்பம் உயரத்திலோ வேகத்திலோ மட்டும் இல்லை. எங்கே போவது, எப்போது நிற்பது என்பதைத் தானே முடிவு செய்யும் கணம் அது. பள்ளிக்கு யார் கொண்டுவிடுவது, கடைக்கு யார் துணைக்குப் போவது என்று தன் ஒவ்வொரு அசைவையும் பிறர் தீர்மானிக்கும் வயதில் இருப்பவளுக்கு இதைவிடப் பெரிய கனவு எது?

மறுபாதி விடை குதிரையின் இயல்பில் இருக்கிறது. சுயமாகச் செல்வதுதான் ஆசை என்றால் சைக்கிளே போதுமே. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதை மறக்க முடியாது. ஆனால் சைக்கிளுக்குப் பயம் கிடையாது. குதிரை நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள உயிர். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலும் மிரளும். அது வேட்டையாடும் விலங்கன்று, வேட்டையாடப்பட்ட விலங்கு. முகத்துக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் சிறு மறைவுகள் தவிர, சுற்றிலும் அதன் கண்ணுக்குத் தெரியும். காதுகள் ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே தெருவில் நடக்கக் கற்ற ஒரு பெண்ணுக்கு அந்தக் காதுகளின் மொழியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய உயிரை முரட்டுத்தனத்தால் வசப்படுத்தினால் அது அஞ்சும், நம்பாது. தீனியும் தண்ணீரும் காட்டி, உடம்பைத் தேய்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசி, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவையெல்லாம் நம் வீடுகளில் பெண்களுக்கு இளமையிலிருந்தே பழக்கப்படுத்தப்படும் வேலைகள். வீட்டில் அந்த வேலைகள் பெண்ணை அடுப்படியோடு கட்டிப்போடுகின்றன. குதிரையிடத்திலோ அதே பராமரிப்பு பயணமாக மாறுகிறது. பேணியவளையே அது சுமந்து செல்கிறது. மார்க்கோ போலோ கண்ட அரசர்களிடம் பொன் இருந்தது, இந்தக் கலை இல்லை.

உடல்வலிமை இங்கே தீர்ப்பளிப்பதில்லை என்பதை விளையாட்டுக் களமும் உறுதி செய்திருக்கிறது. ஒலிம்பிக் குதிரையேற்றம் பல பத்தாண்டுகள் ராணுவ அதிகாரிகளின் களமாகவே இருந்தது. 1952இல் ஹெல்சிங்கியில் டிரெஸ்ஸாஜ் போட்டி பெண்களுக்குத் திறக்கப்பட்டபோது டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளி வென்றார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்டது. ஏறி அமர்ந்தபின் தேவைப்படவில்லை. இன்று ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் தனித்தனிப் பிரிவின்றி நேருக்கு நேர் மோதும் விளையாட்டு இது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது. நால்வர் அணியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என்ற இருவர் பெண்கள்.

மெரினாவிலிருந்து வீடு திரும்பியதும் ஆயா கேட்டார்: "பொம்பளப் புள்ள கால அகட்டி ஒக்காரலாமா? இன்னும் ஒரு வருசத்துல பெரியவளாயிடுவா." இந்தக் கவலை ஆயாவுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் உயர்குலப் பெண்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இரண்டு கால்களையும் ஒரே பக்கம் போட்டு அமரும் தனிச் சேணத்தில்தான் சவாரி செய்தார்கள். கன்னிமை குறித்த அச்சமும் அடக்கம் குறித்த விதியும் சேர்ந்து செய்த சேணம் அது. அந்தச் சேணம் அங்கே அரும்பொருளாகிவிட்டது. நம் தெருவில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கன்டெய்னர் லாரிகளின் இடுக்கில் நெளிந்து செல்லும் இருசக்கர வாகனங்களின் பின்னிருக்கையைப் பாருங்கள். சேலையோடு ஒருபக்கமாக அமர்ந்து, ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் கம்பியையும் பற்றியபடி, பள்ளம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும் பெண்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூட, பின்னால் அமர்பவரின் துணி சக்கரத்தில் சிக்காதிருக்கத் தடுப்பும், பற்றிக்கொள்ளப் பிடியும் வேண்டும் என்கின்றன.  நல்ல விதிதான். ஆனால் பெண்ணின் இடம் பின்னிருக்கை என்பதைச் சட்டமும் இயல்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. தன்னைக் கட்டிய கயிற்றை வெறுப்பவள் இன்னோர் உயிரின் வாயில் கடிவாளம் பூட்டலாமா? இக்கேள்வியை மிக நேர்மையாக எதிர்கொண்டவர் 1877இல் 'பிளாக் பியூட்டி' நாவலை வெளியிட்ட ஆனா சூவெல். பதினான்கு வயதில் காலில் அடிபட்டு நடக்க இயலாதவரானார். குதிரை வண்டியே அவருக்குக் காலாயிற்று. தன்னைச் சுமந்த உயிருக்கு நன்றியாக, அதன் வாய்மொழியாகவே அவர் நாவலை எழுதினார். குதிரைகளின் தலையைச் செயற்கையாக நிமிர்த்தி வதைத்த வார்களுக்கு எதிராக அந்நூல் வாதாடியது. கயிற்றின் வலியை அறிந்த கை கயிற்றை எப்படிப் பிடிக்கும் என்பதற்கு அந்த நாவல் ஒரு சான்று.

குதிரையேற்றப் பயிற்சிக்கு மகளை அனுப்ப எங்கள் வருமானம் இடம்தராது. அந்த விளையாட்டு இன்றும் வசதி படைத்தவர்களுடையது. ஆனால் "குதிரை மாதிரி குதிக்காதே" என்று பெண் குழந்தைகளை அதட்டும் வழக்கத்தை எங்கள் வீட்டில் நிறுத்தியிருக்கிறோம். பெரியவளானபின் சைக்கிளைப் பறிப்பதில்லை என்றும், பதினெட்டு ஆனதும் அவள் முன்னிருக்கையில் அமர்வாள் என்றும் ஆயாவின் முன்னிலையிலேயே முடிவாகிவிட்டது. ஆயா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மகளின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "இதுல ஒண்ணுக்கும் கயிறே இல்லியே" என்று மட்டும் சொன்னார். நாங்கள் அதுவரை கவனித்திருக்கவில்லை.