விட்டு வந்த காய்ச்சல்

கார்த்திகை மழை. ராமநாதபுரம் அரசு மருத்துவமனை, குழந்தைகள் பகுதி. பெஞ்சு நெடுக இருமல். தங்கச்சிமடத்திலிருந்து முதல் பஸ்ஸில் பாம்பன் பாலம் தாண்டி வந்திருக்கிறாள் அந்தப் பெண். மடியில் 14 மாதப் பிள்ளை. பக்கத்தில் பிளாஸ்டிக் கூடையோடு அப்பத்தா.

"மூணு நாளு அனலா காஞ்சுச்சு சிஸ்டர். நாலாம் நாள் விட்டுருச்சு, கஞ்சிகூடக் குடிச்சா. நேத்து ராவுல இருந்து மறுபடி காயுது."

சிஸ்டர் பேசவில்லை. பிள்ளையின் சட்டையை மேலே சுருட்டிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணுகிறார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே தோல் குழிந்து எழுகிறது. ஒரு நிமிடம் முழுதாக எண்ணி முடிக்கிறார். 58. இந்த வயதில் 40 வந்தாலே வேகமூச்சு. கால் பெருவிரலில் மாட்டிய, ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி 88 சதவீதம் காட்டுகிறது. ஆக்சிஜன் குழாயை மூக்கில் பொருத்துகிறார்கள்.

இடையில் காய்ச்சல் விட்ட அந்த ஒரு நாள்தான் வீட்டை ஏமாற்றிவிடுகிறது. முதல் காய்ச்சலைக் கொண்டுவந்த வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்குகிறது; சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் செயலிழக்கின்றன. அதுவரை மூக்கில் சும்மா குடியிருந்த நியூமோகாக்கஸ் பாக்டீரியா, தடுக்க ஆளில்லாமல் நுரையீரலுக்குள் இறங்குகிறது. 1918 இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயில் இறந்தவர்களில் பெரும்பாலோரை முடித்தது, இப்படிப் பின்னால் வந்த பாக்டீரியாதான்.

டாக்டரம்மா முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, வலப்பக்கம் கீழே வெகுநேரம் நிறுத்திக் கேட்கிறார். "வென்ஃப்ளான் போட்டு ஆன்டிபயாடிக் ஆரம்பிங்க. எக்ஸ்ரே எடுக்கணும்." பிறகு தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார். கூடையில் துண்டுக்கடியிலிருந்து அப்பத்தா எடுத்து நீட்டுகிறார். நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 ஜூலை முதல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசம். 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று முறை. அட்டையில் மூன்றாவது கட்டம் எழுதப்படாமல் கிடக்கிறது.

"அன்னைக்கு மூக்கு ஒழுகுச்சு தாயி. சளியோட ஊசி வேணாம்னு நான்தான் தடுத்துட்டேன்."

"லேசான சளிக்கெல்லாம் தள்ளிப்போட வேணாம் ஆத்தா. புள்ள தேறட்டும், போட்டுருவோம்." அதட்டல் இல்லாத குரல். அப்பத்தாவுக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்ததும் அதுதான்.

பெஞ்சின் கோடியில் இன்னொரு தாய் எழுந்து நிற்கிறாள். "சிஸ்டர், இவனுக்கும் முந்தாநாள் விட்டுட்டு இன்னைக்குக் காயுது."

"இங்கிட்டு முன்னாடி வாம்மா. சட்டையத் தூக்கு."