போலீஸ் அழைத்து வருகிறது, கன்னியர் கதவைத் திறக்கிறார்கள்

2014 ஏப்ரலில் பல நாட்டுக் காவல்துறைத் தலைவர்களும் கத்தோலிக்க ஆயர்களும் வத்திக்கானில் கூடி, ஆள்கடத்தலுக்கு எதிராகச் சேர்ந்து உழைப்பதாகக் கையெழுத்திட்டார்கள். போப் பிரான்சிஸ் தங்கியிருந்த விடுதியின் பெயரே அந்தக் குழுவுக்கும் வந்தது: சாந்தா மார்த்தா.

லண்டனில் அந்த உறுதிமொழி காகிதத்தோடு நிற்கவில்லை. 2015இல் அங்கே பக்கிதா இல்லம் திறந்தது. சூடானில் சிறுமியாகக் கடத்தி விற்கப்பட்டு, பின்னாளில் இத்தாலியில் கன்னியாஸ்திரியான ஜோசபின் பக்கிதாவின் பெயர் அது. மீட்ட பெண்களைப் போலீஸ் அங்கே அனுப்புகிறது. கவனித்துக்கொள்பவர்களில் கன்னியரும் உண்டு.

இது ஏன் முக்கியம்? “போலீஸுக்குப் போனால் உன்னைத்தான் உள்ளே தள்ளுவார்கள்” என்று மிரட்டியே கடத்தல்காரன் அந்தப் பெண்ணை அடக்கி வைத்திருப்பான். மொழி தெரியாத ஊர், பாஸ்போர்ட்டும் அவன் கையில். அப்படிப்பட்டவளிடம் சீருடைக்காரர் முதல் நாளே வாக்குமூலம் கேட்டால் வாய் திறப்பாளா? இந்த இல்லத்தில் முதலில் வயிறாரச் சாப்பாடு, பயமில்லாத தூக்கம், மருத்துவர். சாட்சி அதற்குப் பிறகுதான்.



கோயிலோ தேவாலயமோ மசூதியோ, பூட்டிக் கிடக்கும் கட்டடம் உங்கள் ஊரிலும் இருக்கும். இப்படியொரு வீடாக அதைத் திறக்க முடியுமா என்று நிர்வாகிகளிடமும் காவல் நிலையத்திலும் தயவுசெய்து பேசிப் பாருங்கள்.