குப்பைக்குப் போகாத வாக்குறுதிகள்

கசக்கி எறிய வேண்டிய பிட் நோட்டீஸ்களை அயர்லாந்தில் சிலர் பெட்டி பெட்டியாகச் சேர்த்துவைக்கிறார்கள். அதில் அரசியல்வாதிகளுக்குச் சங்கடம், சரித்திரத்துக்கு லாபம்.

1968-ல் ஒரு நாள். பெல்ஃபாஸ்ட் நகரின் மையத்தில் ஒரு மதுக்கடை. அங்கிருந்த ஜிம்மி விட்டியின் கையில் யாரோ ஒரு நோட்டீஸைக் கொடுத்தார்கள். வட அயர்லாந்தின் கத்தோலிக்கச் சிறுபான்மையினருக்குச் சம உரிமை கேட்டு அப்போது கிளம்பியிருந்த இயக்கத்தின் நோட்டீஸ் அது. இத்தகைய காகிதத்துக்கு உலகெங்கும் ஒரே கதிதான். ஒரு பார்வை, ஒரு கசக்கல், பிறகு தரை. விட்டி கசக்கவில்லை. அவர் லினன் ஹால் நூலகத்தின் தலைமை நூலகர். பத்திரமாக எடுத்துவந்து வைத்துக்கொண்டார்.

அடுத்த 30 ஆண்டுகளில் 3,500 பேருக்கு மேல் பலிகொண்ட ஒரு மோதலின் வாசலில் தான் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அன்று சேர்ந்த ஒற்றைக் காகிதம் இன்று மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. தேர்தல் நோட்டீஸ்கள், சுவரொட்டிகள், கட்சிப் பத்திரிகைகள், பேட்ஜ்கள், ஆயுதக் குழுக்கள் அச்சடித்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் என்று எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒரு கைக்குழந்தையின் எச்சில் துணிகூட உண்டு. 'கார்வாகி ரோட்டில் நடக்கப் பிறந்தவன்' என்று அதில் அச்சிட்டிருக்கிறது. போர்ட்டடவுன் என்ற ஊரில் கத்தோலிக்கர்கள் வசிக்கும் அந்தத் தெரு வழியாகப் புராட்டஸ்டன்டுகளின் ஊர்வலம் போகலாமா கூடாதா என்பதில் 1990களில் ஊரே பற்றியெரிந்தது. பல் முளைக்காத பிள்ளைக்கும் அதில் ஒரு கட்சி இருந்திருக்கிறது.

நூலகம் 1788-ல் தொடங்கியது. நகர மன்றக் கட்டடத்துக்கு எதிரே, ஒரு காலத்தில் லினன் துணிக் கிடங்காக இருந்த கட்டடத்தில் 1892 முதல் இயங்கிவருகிறது. அரசியல் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. ஆரம்ப கால நூலகர்களில் ஒருவரான தாமஸ் ரஸ்ஸல், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான ஐக்கிய ஐரிஷ் சங்கத்தைச் சேர்ந்தவர். 1796-ல் கைதானார். 1803-ல் தூக்கிலிடப்பட்டார்.

பெயரைச் சொன்னாலோ படித்த பள்ளியைச் சொன்னாலோ மதம் தெரிந்துவிடும் நகரம் பெல்ஃபாஸ்ட். எதிர்த் தரப்பின் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தவறான தெருவில் நடப்பது ஒரு காலத்தில் விளையாட்டான காரியம் அல்ல. அப்படிப்பட்ட ஊரில் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர்களின் காகிதத்தையும் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்பவர்களின் காகிதத்தையும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் வைத்தார்கள். இது நல்லது, இது கெட்டது என்று தரம் பிரிக்கவில்லை. தரம் பிரித்திருந்தால் பாதி சேகரிப்பு மிஞ்சியிருக்காது. எதிராளி என்ன எழுதுகிறான் என்று பார்க்க எல்லாத் தரப்பினரும் அங்கே வந்தார்கள். 1994 புத்தாண்டின்போது நூலகத்துக்குள்ளேயே ஒரு தீக்குண்டு வெடித்துப் புத்தகங்கள் கருகின. அரசியல் சேகரிப்பு தப்பியது.

அந்தச் சேகரிப்பு விளக்கும் காலத்தின் தேர்தல் காகிதங்களில் சில, ஓட்டு மட்டும் கேட்டவை அல்ல. 1981 ஏப்ரலில் ஃபெர்மனா - தெற்கு டைரோன் தொகுதியின் இடைத்தேர்தல் நடந்தது. வேட்பாளர் பாபி சாண்ட்ஸ் அப்போது மேஸ் சிறையில் உண்ணாவிரதம் இருந்துகொண்டிருந்தார். அவரைத் தேர்ந்தெடுத்தால் உயிர் பிழைப்பார் என்று பிரசாரம் செய்தார்கள். 30,492 வாக்குகள் வாங்கி ஜெயித்தார். எதிர்த்து நின்ற ஹாரி வெஸ்டுக்கு 29,046. மே 5-ந் தேதி சாண்ட்ஸ் இறந்துபோனார். அந்த நோட்டீஸின் வாசகத்தை இப்போது படிப்பவருக்கு முடிவு தெரியும். அதை அச்சடித்தவருக்குத் தெரியாது.

சிறைக் கைதிக்கு ஓட்டு கேட்பது அயர்லாந்தில் புதிதும் அல்ல. 1917-ல் தெற்கு லாங்ஃபோர்டு இடைத்தேர்தலில் ஜோசப் மெக்கின்னஸ் இங்கிலாந்தில் லூயிஸ் சிறையில் இருந்தபடி சின் ஃபெயின் சார்பில் நின்றார். கைதி உடையில் ஒரு மனிதனின் படத்தைப் போட்டு, 'வெளியே கொண்டுவர உள்ளே அனுப்புங்கள்' என்று சுவரொட்டி அடித்தார்கள். நாடாளுமன்றத்துக்கு உள்ளே, சிறைக்கு வெளியே. 37 ஓட்டில் ஜெயித்தார். அரசியல் வாசகம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

பெல்ஃபாஸ்டிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம் டப்ளின். எல்லையைத் தாண்டி அயர்லாந்துக் குடியரசுக்குள் வந்ததும் நோட்டீஸின் குணமே மாறிவிடுகிறது. உயிரா சாவா என்ற பேச்சு குறைந்து, பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம், தெருவிளக்கு என்று இறங்கிவருகிறது. சேகரிப்பவருக்கு மட்டும் வேலை கூடுகிறது.

காரணம் தேர்தல் முறை. இந்தியாவில் மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் வாக்களிக்கும் அதே ஒற்றை மாற்று வாக்கு முறையில் அங்கே சாதாரணக் குடிமகன் ஓட்டுப் போடுகிறான். ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். வாக்காளர் தன் விருப்பப்படி 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டே போகலாம். ஆகவே ஒரே கட்சி ஒரே தொகுதியில் இரண்டு, மூன்று பேரை நிறுத்துகிறது. எதிர்க்கட்சிக்காரனைவிடச் சொந்தக் கட்சிக்காரனே பெரிய எதிரி. இருவரும் அடித்துக்கொள்ளாமல் இருக்கத் தலைமை தொகுதியைப் பாகம் பிரித்துக் கொடுக்கும். வடக்குத் தெருக்களில் விழும் நோட்டீஸ் 'முதல் ஓட்டு இவருக்கு, இரண்டாவது அவருக்கு' என்று கேட்கும். தெற்குத் தெருக்களில் அதே கட்சி, அதே வண்ணம், ஆனால் பெயர்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். தன் வீட்டுக் கதவிடுக்கில் விழுவதை மட்டும் எடுத்துவைப்பவரிடம் பாதிக் கதைதான் இருக்கும். அடுத்த பேட்டையில் ஒரு சிநேகிதர் வேண்டும்.

வேட்பாளர்கள் வாக்காளர்களுக்கு ஒரு முறை கட்டணமில்லாமல் அஞ்சலில் நோட்டீஸ் அனுப்பலாம். அதன் தலையில் 'லிதிர் உம் ஹோகான்' என்று ஐரிஷ் மொழியில் அச்சிட்டிருக்கும். 'தேர்தல் கடிதம்' என்று அர்த்தம். கதவைத் தட்டியும் ஆள் இல்லை என்றால், 'உங்களைச் சந்திக்க முடியாமல் போனதற்கு வருந்துகிறேன்' என்ற அட்டை விழும். வேட்பாளரே கைப்பட எழுதியதுபோல இருக்கும். ஆயிரக்கணக்கில் அச்சடித்த கையெழுத்து.

இவற்றில் பெரும்பாலானவற்றில் 'வியாழக்கிழமை வாக்களியுங்கள்' என்றிருக்குமே தவிர, எந்த ஆண்டு என்று இருக்காது. அன்றைக்கு அது எல்லோருக்கும் தெரியும். 40 ஆண்டு கழித்துப் பரணிலிருந்து எடுப்பவருக்குத் தெரியாது. அவர் துப்பறிய வேண்டியதுதான். தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம்? விலைவாசியைப் பவுண்டில் திட்டுகிறார்களா, 2002-ல் கைக்கு வந்த யூரோவிலா? அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் சட்டப்படி இருக்க வேண்டும். இந்தியாவிலும் அதே விதி உண்டு. அந்த அச்சகம் எப்போது மூடப்பட்டது என்பது ஒரு தடயம். விவரம் தெரிந்தவர்கள் நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே பின்புறம் பென்சிலால் தேதி எழுதிவிடுகிறார்கள். துருப்பிடிக்கும் என்பதால் ஸ்டேப்ளர் முள்ளைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

பழைய தபால்தலை சேர்ப்பவர்களுக்குக் கிடைக்காத ஒரு குரூர சந்தோஷம் இவர்களுக்கு உண்டு. ஈமன் கில்மோரையும் பாட் ராபிட்டையும் எடுத்துக்கொள்ளலாம். 1989-ல் இருவரும் தொழிலாளர் கட்சி எனப்பட்ட தீவிர இடதுசாரிக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்துக்கு வந்தார்கள். 1992-ல் அதிலிருந்து பிரிந்த ஜனநாயக இடதுசாரிக் கட்சி. அது 1999-ல் லேபர் கட்சியோடு இணைந்தது. பிறகு இருவருமே, ஒருவருக்குப் பின் ஒருவராக, லேபர் கட்சியின் தலைவரானார்கள். முகம் அதே, கட்சி மூன்று. மூன்றையும் வரிசையாகப் பரப்பிவைத்தால் விமர்சனம் எழுத வேண்டியதில்லை. ஃபியன்னா ஃபாயிலும் ஃபினா கேலும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஒருவரையொருவர் திட்டி அச்சடித்த காகிதமும் அப்படியே. 2020-ல் இரண்டும் கூட்டணி அமைத்தன. 2025-லும் சேர்ந்தே ஆட்சியில் அமர்ந்தன.

எல்லாவற்றிலும் அதிகம் சுட்ட காகிதம் 2011-ல் லேபர் கட்சி கொடுத்த பத்திரிகை விளம்பரம். பல்பொருள் அங்காடியின் தள்ளுபடி நோட்டீஸைக் கிண்டல் செய்து, ஃபினா கேல் தனியாக ஆட்சிக்கு வந்தால் என்னென்ன சுமை வரும் என்று படம் போட்டுப் பட்டியலிட்டது. குழந்தைகளுக்கான மாத உதவித்தொகையில் வெட்டு, தண்ணீர்க் கட்டணம் இரண்டும் அதில் இருந்தன. தேர்தல் முடிந்ததும் லேபர் அதே ஃபினா கேலோடு கூட்டணி சேர்ந்தது. உதவித்தொகை குறைந்தது. தண்ணீர்க் கட்டணம் வந்தது. நாடு திவாலின் விளிம்பில் இருந்தது, வேறு வழியில்லை என்று கட்சி சொன்ன சமாதானத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் விளம்பரம் குப்பைக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்த தேர்தல்வரை திரும்பத் திரும்ப வெளியே வந்தது. 2011-ல் 37 இடம் பிடித்த லேபர், 2016-ல் ஏழுக்கு இறங்கியது. தோல்விக்கு ஒரு காகிதம் மட்டுமா காரணம்? இல்லைதான். ஆனால் மறுப்பதற்கு அது இடம் கொடுக்கவில்லை.

சுவரொட்டிகள் இன்னும் வேகமாக மறைகின்றன. வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளில் விளக்குக் கம்பங்களிலிருந்து அகற்றாவிட்டால் அபராதம். எனவே அந்த வாரம் இரவு நேரத்தில் ஏணியோடு கிளம்புகிறவர்கள் கட்சித் தொண்டர்கள் மட்டுமே அல்ல. நெளிநெளியான பிளாஸ்டிக் அட்டை என்பதால் கொட்டகைக் கூரைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. எத்தனையோ அமைச்சர்கள் கோழிகளுக்கு நிழல் கொடுத்திருப்பார்கள்.

தப்பியவற்றில் ஒரு பகுதி டப்ளின் கில்டேர் தெருவில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போகிறது. பக்கத்துக் கட்டடம்தான் நாடாளுமன்றம். 1995-ல் விவாகரத்தை அனுமதிக்கலாமா என்று நடந்த வாக்கெடுப்பு 9,114 ஓட்டில் தீர்ந்தது. கருக்கலைப்புத் தடையை நீக்கலாமா என்று 2018 மே 25-ல் நடந்ததில் 66.4 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். இந்த இரண்டாவது வாக்கெடுப்பின்போது இரு தரப்பு நோட்டீஸ்களையும் பேட்ஜ்களையும் நூலகமே கேட்டு வாங்கிக்கொண்டது. குடும்பங்களுக்குள்ளேயே பேச்சு நின்றுபோன விவகாரம். பெட்டிக்குள் இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன.

பார்க்க விரும்புகிறவர் வாசகர் அட்டை வாங்க வேண்டும். பையை வெளியே வைத்துவிட வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். அந்த ஊர் வாக்குச்சாவடியிலும் பென்சில்தான். யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி கயிற்றில் கட்டியிருக்கும்.