திண்டுக்கல்லில் பிடில் கற்ற பண்டிதர்



திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும் மலைக்கோட்டையும்தான் எல்லோர் வாயிலும் வருகின்றன. இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதரின் பெயரும் அந்த வரிசையில் வரவேண்டும். தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் 1859-ல் பிறந்தவர், ஆசிரியர் பயிற்சிக்கு வந்தது இந்த ஊருக்கு. பள்ளி நேரம் போக, இங்கேதான் சடையாண்டிப் பத்தரிடம் பிடில் கற்றார்.

ஊருக்கு ஒருபக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனி மலைத்தொடர், நடுவே பூவும் வெங்காயமும் விளையும் சமவெளி. மருத்துவத்திலும் நாட்டம் கொண்டு மூலிகை தேடிய பண்டிதர் இங்கிருந்து சுருளி மலைவரை போனார். அங்கே கருணானந்தர் என்ற சித்தரிடம் பெற்ற மருத்துவம்தான் பின்னாளில் தஞ்சாவூரில் அவருக்குச் செல்வம் சேர்த்தது. அந்தப் பணத்தை அவர் இசையில் கொட்டினார். 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களை வரவழைத்துத் தம் செலவில் மாநாடுகள் நடத்தினார்.

மாநாடுகளில் சூடான விவாதம் சுருதி என்னும் நுண்ணிய சுர நிலைகள் பற்றியது. ஒரு ஸ்தாயியில் (ச முதல் மேல் ச வரை) 22 சுருதி என்பது அன்றைய மரபு. பண்டிதர் 24 என்றார். ஸட்ஜத்திலிருந்து (ச) பஞ்சமம் (ப), அதை ஸட்ஜமாக வைத்து அடுத்த பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறினால் மறுபடி ஸட்ஜத்துக்கே வந்து சேர வேண்டும். துல்லியமான பஞ்சமத்தில் ஏறினால் கொஞ்சம் தாண்டிப்போகிறது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்தால் வட்டம் மூடும்; ஒவ்வொரு பாகத்தையும் இரண்டாக்கினால் 24. அதைத்தான் சிலப்பதிகாரம் சொல்லும் ஆயப்பாலை, வட்டப்பாலை என்ற பழந்தமிழ் இசை முறைகளிலும் அவர் கண்டார். 1916-ல் பரோடா மாநாட்டில் அவர் மகள்கள் வீணையில் வாசித்துக் காட்டினார்கள். மறு ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல்.

இந்தப் பெரிய புத்தகமே அவருடைய பாட்டை மறைத்துவிட்டது என்பதுதான் வருத்தம். தெலுங்கு தெரியாத பிள்ளைகளும் பொருள் உணர்ந்து கற்கட்டும் என்று தமிழில் 96 உருப்படிகள் செய்தவர் அவர். ஆய்வாளர் பண்டிதரைப் பலரும் அறிவார்கள். சாகித்யகர்த்தா பண்டிதரைக் கச்சேரி மேடையில் கேட்பது அபூர்வம்.

படைப்பு மேடைக்கு வராமல் கிடக்கும் இந்த நிலை பின்லாந்து இசையமைப்பாளர் ஆரே மெரிகாந்தோவுக்கும் நேர்ந்தது. 1922-ல் முடித்த 'யுஹா' என்ற இசை நாடகம் 1963-ல்தான் மேடை கண்டது. அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து. ஆனால் அதன்பிறகு அந்த நாடு அவரைத் திரும்ப எடுத்துப் பாடியது.

பண்டிதர் 1919-லேயே மறைந்தார். அவர் பாட்டையும் நாம் அப்படித் திரும்ப எடுக்கலாம். பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் நண்பர்கள், அடுத்து சேரும் பிள்ளைக்கு முதல் கீதம் தொடங்குமுன் அவருடைய உருப்படிகளின் தொகுப்பான 'கருணாமிர்த சாகரத் திரட்டை' ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
திண்டுக்கல்லிலிருந்து