கண்காட்சிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்



சென்னை பெரியமேட்டில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியைப் பஸ்ஸில் கடந்தவர்கள் பலர். உள்ளே போனவர்கள் சிலரே. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். பின்னாளில் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றார்.

அங்கே ஒரு மாணவர் கண்காட்சிக்குப் பேத்தியோடு போயிருந்தேன். வரைந்தவர்களே படத்தருகில் நின்று பேசினார்கள். "இந்த மாட்டுக்கு ஏன் முகம் இல்லை?" என்று கேட்டாள் பேத்தி.

"எங்க வீட்டு மாடு பாப்பா. வித்த அன்னிக்கு அது முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரலை" என்றார் அந்த மாணவர்.

பேத்தி வெகுநேரம் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. எந்த நோட்ஸும் இப்படிச் சொல்லித் தராது.

ஆனால் பள்ளிகளில் பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்புதான். பிறகு படம் பார்க்கவும் கேள்வி கேட்கவும் பிள்ளைகள் எங்கே பழகுவார்கள்?

கண்காட்சி அறிவிப்பு கண்ணில் பட்டால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். "நமக்கு இதெல்லாம் புரியாது" என்று தயங்க வேண்டாம். வரைந்தவரிடமே கேளுங்கள். பிள்ளைகளை முதலில் கேட்க விடுங்கள்.